சோணையின் விசில்

'உச்சி வெயில்' என்ற எங்கள் கேசட்டில் முதல் பாட்டு தொடங்கிக் கடைசிப் பாட்டு முடியும் வரைக்கும் பின்னால் ஒரு விசில் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். மெல்லிசாக, விடாமல். அதை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அப்புறம் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

கேசட் வந்தபோது மதுரையில் ஒருத்தரும் சீந்தவில்லை. ஆறேழு வருசம் கழித்து எவனோ அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டான். பிடித்தது சனியன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் எழுதுகிறான், மதுரை வெயிலையே அந்த விசிலுக்குள் பிடித்து வைத்திருக்கிறார்களாம். இன்னொருத்தன் பாலைவனம் என்கிறான். நாங்கள் வாசித்துப் பழகிய செக்கானூரணியில் ஏதுடா பாலைவனம்? இந்த மாதிரிப் பாட்டுக்கு 'ஸ்டோனர் ராக்' என்று பெயராம், கஞ்சா அடித்துவிட்டு வாசிப்பதாம். அப்படி ஒரு பெயர் இருப்பதே அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிட்டார் வாசித்த சோணை பீடி கூடக் குடிக்காதவன். டிரம்ஸ் அடித்த ராம்கி பீடியும் குடிப்பான், கஞ்சாவும் இழுப்பான், ஆனால் விசில் ராம்கி போட்டது இல்லை.

சோணையைப் பற்றி ஒரு பயலும் ஒரு வரி எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். என் பெயர் வெங்கடேஷ்பாபு, திருநகர், தெற்கு மாசி வீதியில் எங்களுக்கு ஜவுளிக்கடை. அந்த கேசட்டில் பேஸ் கிட்டார் வாசித்தது நான்தான்.

சோணைக்குக் கருமாத்தூர்ப் பக்கம். கிணறு வற்றிப்போன தோட்டம், பத்தாம் வகுப்பு பெயில். செக்கானூரணியில் மலைச்சாமி அண்ணன் வைத்திருந்த மைக் செட்டில் வேலைக்குச் சேர்ந்தான். காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம், எங்கே என்றாலும் மரமேறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவன் அவன்தான். கட்டிய குழாய்க்குக் கீழேயே துண்டை விரித்துப் படுத்துக்கொள்வான். செட்டை விட்டு நகர்ந்தால் எவனாவது கை வைத்துவிடுவான் என்று பயம்.

அந்தப் பக்கத்து மைக் செட்டுக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கச் செட்டுக்காரன் வைத்த திருகை அடுத்தவன் தொடக்கூடாது. தொடுவது இருக்கட்டும், 'சத்தம் ஒரு மாதிரியா இருக்கே' என்று வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால் அதோடு சரி, திருவிழா நடுவிலேயே செட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு கூட்டத்தில் கட்சிக்காரர் ஒருவர் மேடையில் நின்றபடி, "என்னய்யா மைக்கு இது, கரகரங்குது?" என்று கேட்டுவிட்டார். சோணை ஒயரைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டு, "இனிமே வாயால பேசுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். மலைச்சாமி அண்ணன் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வந்தார். பாட்டு விசயத்தில் நாங்கள் யாரும் சோணையிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்றால் காரணம் இதுதான். அவன் செட்டுக்காரன்.

எங்கள் தங்கச்சி வித்யாஸ்ரீ சடங்குக்குத் திருநகர் வீட்டில் குழாய் கட்ட வந்தவன், மாடியில் நான் பேஸ் கிட்டாரை டொங்கு டொங்கென்று தட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஏறி வந்தான். வந்தவன் கும்பிடக்கூட இல்லை. "இதுல எம்புட்டு அடிவரைக்கும் சத்தம் எறங்கும்?" என்று கேட்டான். கம்பியைத் தளர்த்திக் காட்டினேன். "இன்னும்" என்றான். இன்னும் தளர்த்தினேன். தரை அதிர்ந்தது. சிரித்தான். அன்றைக்கே 'மாப்ள' ஆகிவிட்டேன்.

டவுன் ஹால் ரோட்டு நடைபாதைக் கடையில் அவனுக்கு ஒரு கேசட் கிடைத்திருந்தது. பெயர் ஒட்டாத, ஏதோ வெளிநாட்டுக்காரர்கள் வாசித்த கிட்டார் பாட்டு. மைக் செட் குடோனில் இருந்த டேப்பில் பெல்ட் தளர்ந்து போயிருந்ததால் பாட்டு பாதி வேகத்தில்தான் ஓடும். அந்த மெதுவில்தான் இவன் மயங்கிப் போனான். எங்கள் வீட்டு டேப்பில் அதே கேசட்டைச் சரியான வேகத்தில் போட்டுக் காட்டியபோது முகம் சுருங்கிவிட்டது. "இவன் எதுக்கு மாப்ள நாய் வெரட்டுன மாதிரி ஓடுறான்?" என்றான். ஆக, நாங்கள் வாசித்த பாட்டு எந்த நாட்டுப் பாட்டும் இல்லை. பெல்ட் தளர்ந்த பாட்டு.

மூன்று பேர். சோணை கிட்டார், பாட்டும் அவன்தான். ராம்கி டிரம்ஸ், அவன் வேன் ஓட்டுகிறவன், எங்களுக்கு இளையவன். நான் பேஸ். குழுவுக்குப் பெயர் 'கரடு'. புக்கிங் இல்லாத நாட்களில் குடோனில் வாசிப்போம். கிட்டாருக்கு என்று தனி ஆம்ப்ளிபயர் யாரிடம் இருந்தது? குழாய்க்கு ஓட்டுகிற பழைய ஆம்ப்ளிபயரிலேயே சோணை கிட்டாரைச் சொருகுவான். கரகரவென்று வரும். அதுதான் வேண்டும் என்பான். வெயிலில் கிடக்கிற பாறை, வற்றின கம்மாய், கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நிற்கிற அவன் அப்பன், இவைதாம் பாட்டு. சந்தோசமான பாட்டு ஒன்றுகூடக் கிடையாது.

எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குள் நடந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் பிற்பாடு அவனே சொன்னான். ஒரு கட்சிக் கூட்டம் முடிந்த மறுநாள் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்திருக்கிறது. இரண்டொரு நாளில் போய்விடும் என்று இருந்திருக்கிறான். போகவில்லை. பிறகு குருவிச் சத்தம் நின்றுபோனது, அன்னக்கொடியின் கொலுசுச் சத்தம் நின்றுபோனது. அன்னக்கொடி அவன் பெண்டாட்டி. கொலுசை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தானாம். ஒரு நாள் அவள் காலைப் பார்த்தபோது கொலுசு கிடந்தது.

யாரிடமும் சொல்லாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். போனது திரும்பாது. குழாய்ச் சத்தம், கிட்டார்ச் சத்தம் எல்லாவற்றையும் விட்டு விலகினால் இருக்கிற காது இன்னும் சில வருசம் தாங்கும், விலகாவிட்டால் வெகு சீக்கிரம் மொத்தமும் போய்விடும்.

இதை அவன் ஏன் எங்களிடம் மறைத்தான் என்று கேட்பீர்கள். செக்கானூரணியில் தவசி என்று ஒருவர் இருந்தார். அவரும் பழைய மைக் செட்டுக்காரர்தான். காது போன பிறகு பேருந்து நிலையத்தில் சைக்கிளுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். போகிறவன் வருகிறவனெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுச் சிரிப்பான், அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அதைச் சோணை தினமும் பார்த்தவன். காது கேட்காத செட்டுக்காரனை எவன் கூப்பிடுவான்?

"இருக்குற காத வச்சு என்ன மாப்ள செய்ய?" என்று பிற்பாடு என்னிடம் கேட்டான். "ஆடு கத்துறதக் கேக்குறதுக்கா? ஒரே ஒரு கேசட்டு. அதப் போட்டு முடிச்சு, நம்ம காதால ஒருக்கா முழுசாக் கேட்டுட்டாப் போதும்னு நெனச்சேன்."

அதாவது மிச்சமிருந்த காதை அந்த கேசட்டுக்குச் செலவழிப்பது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சோணை திடீரென்று பேய் பிடித்தவன் மாதிரி அவசரப்பட்டான் என்பதுதான். கம்பியை இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்றான். ஆழமான சத்தம்தான் அவனுக்கு மிச்சம் இருந்தது, அதை நெஞ்சாலும் கேட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு அது தெரியுமா? அடேயப்பா, என்ன கனம், என்ன கனம் என்று நாங்கள் குதித்துக்கொண்டிருந்தோம்.

ஆனையூரில் என் தாய்மாமா ராமதாஸ் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். எல்லாம் பக்திப் பாட்டு. பங்குனியில் போனால் அழகர்கோவிலுக்கு நடந்து போகிறவர்கள் பாடுகிற பாட்டுக்காக வாசல் வரைக்கும் ஆள் நிற்கும். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிவிட்டால் வைகாசி முழுக்க மாமா ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த வைகாசியை எங்களுக்குக் கொடுத்தார். எங்கள் பாட்டைக் கேட்டதும் அக்காள் மகனுக்குக் கொடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டார். அதை மறைக்கவும் இல்லை.

2002ஆம் வருசத்து வைகாசி. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை, ஜன்னல் கிடையாது. ஃபேன் போட்டால் மைக்கில் இரையும் என்று அதையும் நிறுத்திவிடுவார். ராம்கி சட்டையைக் கழற்றிவிட்டு டவுசரோடு வாசித்தான். சோணை குடோனிலிருந்து அந்தப் பழைய ஆம்ப்ளிபயரைத் தூக்கி வந்து, திருகை முழுசாக வைத்தான். வைத்த உடனே, அவன் கிட்டாரைத் தொடுவதற்கு முன்னாலேயே, அந்த விசில் கிளம்பியது.

எனக்குக் கேட்டது. ராம்கிக்குக் கேட்டது. மாமாவுக்கு நன்றாகவே கேட்டது. ஒரு கோயில் திருவிழாவில் அந்தச் சத்தம் வந்திருந்தால் சோணை பெட்டியைத் திறந்து, சின்னதாக எதையோ மாற்றி ஈயம் பற்றவைத்து, டீ ஆறுவதற்குள் சரி பண்ணியிருப்பான். நூறு தடவை பண்ணியிருக்கிறான். அதனால்தான் நாங்கள் என்ன நினைத்தோம் என்றால், சரி பண்ணாமல் விட்டிருக்கிறான் என்றால் வேண்டும் என்று விட்டிருக்கிறான். கரகரப்பு வேண்டும் என்கிறவன், பெல்ட் தளர்ந்த பாட்டு வேண்டும் என்கிறவன், இதையும் வேண்டும் என்பான். செட்டுக்காரன் வைத்த சத்தத்தை நாம் என்ன கேட்பது?

மாமா ராம்கியைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னப்பா அது, கொசு கத்துற மாதிரி?" என்று கேட்டார்.

"அது சோணை அண்ணே வச்சது சார். இந்தப் பாட்டுக்கு அது வேணும்" என்றான் ராம்கி, ஏதோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

சோணைக்கு அந்த விசில் கேட்காமல் இல்லை. அதுதான் கொடுமை. குருவி கேட்காத காதிலும் ஆம்ப்ளிபயர் போட்ட அந்தச் சத்தம் விழுந்தது. வருசக்கணக்காகத் தன் காதுக்குள் ஓடுகிற அதே சத்தம், ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் பெரிசாகிறது, வெளியே வந்தால் குறைகிறது. காது முடிகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்தான். 'ஏதோ விசில் வருதே' என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், 'எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே' என்று நாங்கள் சொல்லிவிட்டால்? அவன் மறைத்து வைத்தது அம்புட்டும் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். அதனால் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "அடுத்த பாட்டுக்குப் போவம், அடுத்த பாட்டுக்குப் போவம்" என்று விரட்டினான். ஒரு மாதம் இருக்கிறதே, ஏன் பறக்கிறாய் என்று நான் சண்டைகூடப் போட்டேன்.

எல்லாம் பதிந்து முடித்து, சத்தங்களைச் சேர்க்கிற வேலைக்கு உட்கார்ந்தபோது ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கூர்மையா ஏத்துங்க மாமா. இன்னும். மந்தமா இருக்கு" என்றான். மாமா ஏற்றினார். ஏற்ற ஏற்ற அந்த விசிலும் சேர்ந்து ஏறியது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ராம்கியைப் பார்த்தேன். ராம்கி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

கேசட் கையில் வர ஆவணி ஆகிவிட்டது. அதற்குள் சோணை ரொம்ப மாறிப் போனான். நேருக்கு நேர் நின்று பேசினால்தான் பதில் சொல்வான். திமிர் ஏறிப்போச்சு என்று ராம்கி என்னிடம் முணுமுணுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேசட் பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போனோம். அன்னக்கொடி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அவளுக்கு எங்கள் பாட்டு என்றால் ஆகாது. எழவு வீடு மாதிரி இருக்கு என்பாள். இருந்தாலும் அன்றைக்குச் சிரித்த முகமாக இருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் சோணை குளித்துவிட்டு வந்தான். ஆமாம், கேசட் கேட்பதற்காகக் குளித்தான். வேட்டி மாற்றி, தலை சீவி, டேப்புக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் கையாலேயே கேசட்டைப் போட்டான். காதை ஸ்பீக்கரோடு ஒட்ட வைத்துக்கொண்டான். முதல் பாட்டு ஓடியது. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நானும் ராம்கியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளாமல் இருந்தோம். எனக்கும் அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அன்னக்கொடி எச்சில் தட்டுகளை எடுக்க வந்தவள் சற்று நேரம் நின்று கேட்டாள். அவளுக்கு மைக் செட்டுச் சட்டமெல்லாம் தெரியாது. குனிந்து அவன் தோளைத் தொட்டு, "ஏங்க, பாட்டு நெடுக அது என்ன, கொய்ங்குனு கொசுச் சத்தம்?" என்று கேட்டாள்.

சோணை அவள் வாயையே பார்த்தான். "எது?"

"அந்தா, இப்பக்கூடக் கேக்குதுல்ல. விசிலு மாதிரி."

"ஒனக்கும் கேக்குதா?"

"காதுல குத்துது, கேக்காம என்ன?"

அவன் எழுந்துவிட்டான். என்னைப் பார்த்தான். "மாப்ள, ஒனக்கு?"

"கேக்குது. நீதான வச்ச?" என்றேன்.

"ராம்கி?"

"மொதல்லருந்தே கேக்குதுண்ணே. அதுதான் பாட்டுக்கே அழகு."

சோணை சிரித்தான். அந்த மாதிரி ஒரு சிரிப்பை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. "அடப் பாவிகளா, கேசட்டுலயாடா இருக்கு! நான் காதுன்னுல்ல நெனச்சுக்கிட்டுத் திரியுறேன்!" என்று அன்னக்கொடியை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டான். நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம் என்று அவள் வெட்கப்பட்டுத் திமிறினாள். எங்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை. அவன் சிரிப்பைப் பார்த்து நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சிரிப்போடேயே குனிந்து டேப்பை நிறுத்தினான்.

வீடு அமைதியாகிவிட்டது. வெளியே தேனி ரோட்டில் ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. சோணை தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"இப்ப?" என்று அன்னக்கொடியைக் கேட்டான்.

"இப்ப என்ன? பாட்டுத்தான் நின்னுபோச்சே."

"அந்தச் சத்தம்?"

"அதுவும் நின்னுபோச்சு."

டேப்பைப் போட்டான். நிறுத்தினான். "இப்ப?" என்றான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். மறுபடியும் போட்டான், மறுபடியும் நிறுத்தினான். இந்தத் தடவை என்னைக் கேட்டான். நானும் இல்லை என்று தலையாட்டினேன். அவன் டேப்புக்கு முன்னால் மெல்ல உட்கார்ந்தான். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். கொலுசுச் சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது அன்னக்கொடி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

விசிலை எடுத்துவிட்டு மறுபடியும் பதியலாம் என்று அழாத குறையாகச் சொன்னான் ராம்கி. எதைக் கேட்டுப் பதிவது? அடுத்த வைகாசிக்குள் சோணைக்கு இரண்டு காதும் மொத்தமாக அடைத்துவிட்டன. மலைச்சாமி அண்ணன் பாவம், ஒயர் சுற்றவாவது வா என்றார். சோணை போகவில்லை. இப்போது அப்பனின் தோட்டத்தில் போர் போட்டு வாழை வைத்திருக்கிறான். மோட்டார் ஓடுகிறதா என்று தண்ணீர்க் குழாய் மேல் கை வைத்துப் பார்ப்பான். எதிரே நின்று மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். முதுகுப் பக்கம் யாரும் நிற்காதபடி சுவரோரமாகத்தான் எப்போதும் உட்காருகிறான்.

போன மாதம் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், கேசட்டை சி.டி.யாகப் போடப் போகிறோம் என்று. வேண்டாம் என்று எம்புட்டோ சொல்லிப் பார்த்தேன், சோணையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். கூட்டிப் போனேன். சோணைக்கு ஒரே சந்தோசம். கட்டிலைத் துடைத்துப் போட்டான். வந்தவர்களில் ஒருவன், காது விசயம் நான் வழியிலேயே சொல்லியும் மறந்துவிட்டு, அன்னக்கொடியைப் பார்த்து, "அந்த விசில்தாங்க அதுல உசுரே. அதக் கேக்குறதுக்காகவே தெனமும் போட்டுக் கேக்குறோம்" என்றான்.

அன்னக்கொடி கையில் இருந்த காப்பி டம்ளரைத் திண்டில் வைத்தாள். "அம்புட்டு நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள். "அப்ப எடுத்துக்கிட்டுப் போங்கய்யா. வேற ஒரு சத்தமும் இல்ல, ராவும் பகலும் அது ஒண்ணுதான் அவருக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதக் கழட்டிக்கிட்டுப் போயிருங்க."

வந்தவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பேசியதால் சோணைக்கு எதுவும் தெரியவில்லை. என் கையைத் தட்டி, "என்ன மாப்ள சொல்றா?" என்று கேட்டான்.

"சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுது" என்று எதிரே நின்று சொன்னேன்.

"அதான, சாப்பிடாமப் போனா எப்படி?" என்றான் சோணை. அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இலை அறுக்க வாழைத் தோட்டத்துக்குள் போனான்.